தோட்டத்துக்குப் போன தண்ணீர்

எங்கள் நிலையத்தின் தோட்டம் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஏழாயிரம் லிட்டர் தண்ணீர் குடித்தது. மற்ற நாட்களில் ஐயாயிரம். தோட்டம் என்றால் இரண்டு வரிசைத் தென்னங்கன்று, கொஞ்சம் அரளி, யாரும் நடாமல் தானாக முளைத்த ஒரு பப்பாளி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அவற்றுக்கு ஏன் அதிகமாகத் தாகம் எடுக்கிறது என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். மற்ற நாட்களைப் போலத்தான் இருந்தது.

ஊர் குளித்த, துவைத்த, கழுவிய தண்ணீரெல்லாம் குழாய் வழியே எங்களிடம் வருகிறது. முதலில் கம்பி வலை துணியையும் பாலித்தீனையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த தொட்டியில் காற்றை ஊதிக் கலக்குவார்கள். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று கொழுக்கும். அதற்கடுத்த வட்டத் தொட்டியில் அவை சேறாக அடியில் படிய, மேலே தெளிந்த தண்ணீர் வழியும். கடைசித் தொட்டியில் குளோரின் போட்டு வெளியே அனுப்புவோம். நான் ஆய்வகத்தில் இருப்பவள். வெளியே போகும் தண்ணீரைக் குப்பியில் அடைத்து, இருபத்தேழு டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைப்பேன். மிச்சமிருக்கும் அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று நான்காம் நாள் குப்பி சொல்லும். அந்த எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த அளவைத் தாண்டினால் எங்களுக்கு நோட்டீஸ் வரும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று நாள் காத்திருக்கும் வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் நான் குடியிருக்கும் ஐயம்பேட்டையில் யாராவது "ஷாரோன், எங்க வேலை?" என்றால் "தண்ணி ஆபீஸ்ல" என்று மட்டும்தான் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா, "சாக்கடைலருந்து வெளிய வர்றதுக்குத்தானே உன்னை எம்.எஸ்ஸி. படிக்க வெச்சேன்" என்றார். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

பகல் ஷிப்ட் ஆபரேட்டர் சிட்டிபாபு அண்ணன், இங்கு வருவதற்கு முன் இருபது வருடம் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் இருந்தவர். உள்ளே வரும் தண்ணீரின் நிறத்தை எழுதப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. சாம்பல், கருமை என்று எழுதினால் போதும். அவர் எழுதுவது வேறு. மாம்பழம். வெங்காயத் தோல். மயில் கழுத்து.

"இன்னாண்ணே இது, தண்ணியா புடவையா?"

"நீ வாரியத்துக்கு சாம்பல்னே அனுப்பும்மா. இது என் கண்ணுக்கு."

எனக்கு எதுவும் தெரியவில்லை. எந்த நாளும் அது சாம்பல்தான். ஆனால் பதிவேட்டை வரிசையாகப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. செவ்வாய், வெள்ளி, மதியம் இரண்டு மணிக்கு மேல் 'அரக்கு'. தோட்டம் ஏழாயிரம் லிட்டர் குடிக்கும் அதே நாட்கள்.

அடுத்த நாள் வட்டத் தொட்டியைச் சுற்றி வந்தேன். அதன் விளிம்பில் பல் பல்லாக வெட்டிய தகடு இருக்கும். தெளிந்த தண்ணீர் அந்தப் பற்களின் இடுக்கு வழியாக வழியும். ஒரு பல்லில் வெள்ளைப் பட்டு நூல் கட்டியிருந்தது. நான்கு விரற்கடை நீளம். முனை தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது.

வேண்டுதல் என்று நினைத்தேன். மரத்தில் கட்டுவார்கள், கோயில் கம்பியில் கட்டுவார்கள். சாக்கடையிடம் போய் யார் வேண்டிக்கொள்வார்கள்? என்ன கேட்டிருப்பார்கள்? ஷேர் ஆட்டோவில் வீடு போய்ச் சேரும்வரை ஆறேழு வேண்டுதல்களை நானே கற்பனை செய்தேன். எதுவும் பொருந்தவில்லை.

இந்த யோசனையெல்லாம் சும்மா பொழுதுபோக்காக இருந்திருக்கும். ஆனால் அந்த வாரம் வாரியத்திலிருந்து ஒரு புதுப் படிவம் வந்தது. சுத்திகரித்த தண்ணீரில் எவ்வளவு மறுபடி பயன்படுகிறது, எதற்கு, யாருக்கு என்று நிரப்பி இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அதையே வாயில் பலகையிலும் எழுதி வைக்க வேண்டும். கையெழுத்து ஆய்வகத்தினுடையது. அதாவது என்னுடையது. 'தோட்டம்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன். எதை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லையே.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப் பதிலாக ஆறரைக்கே போனேன்.

தோட்டத்துக் குழாயருகே குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்று நின்றிருந்தது. பின்னால் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. குழாயிலிருந்து ஹோஸ் அதற்குள் போனது. வெள்ளை மீசை வைத்த ஒருவர், ஓட்டலில் சாம்பாரை முகர்வதைப் போல, தொட்டிக்குள் எட்டி முகர்ந்துகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிவப்பு.

என்னைப் பார்த்ததும் சிட்டிபாபு அண்ணன் ஹோஸை மறைப்பதுபோல முன்னால் வந்து நின்றார். நாற்பதடி ஹோஸ்.

"சீக்கிரமே வந்துட்டியேம்மா."

"தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தறத பாக்கலாம்னு வந்தேண்ணே."

"ஊத்திக்கினுதானே இருக்கேன்."

"வண்டிக்கா?"

மீசைக்காரர் சிரித்துவிட்டார். "விட்ரா சிட்டி. பொண்ணு கரெக்டா புடிச்சிடுச்சி. நீதானே சொன்ன, அது மூணு நாள் உக்காந்து தண்ணியப் பாக்கற பொண்ணுன்னு." பிறகு என்னிடம், "நான் கோதண்டபாணிம்மா. சாயக்காரன். பெரிய காஞ்சிபுரத்துல பட்டறை. இவன் என்கிட்டதான் வேலை பாத்துக்கினு இருந்தான்."

"சாயம் போடறதுக்கா இந்தத் தண்ணி?"

"பின்ன, குடிக்கவா?"

கதை முழுவதையும் வண்டி நிரம்புவதற்குள் சொல்லிவிட்டார்கள். கோதண்டபாணியின் போர் தண்ணீரில் ஐந்தாறு வருடமாக இரும்பு ஏறிவிட்டது. குடத்தில் வைத்தால் மறுநாள் துரு வளையம் விழும். அந்தத் தண்ணீரில் அரக்குச் சாயம் போட்டால் செங்கல் மாதிரி மங்கிப் போகிறது. நூல் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில்தான் சிட்டிபாபு அண்ணன் தன் ஷிப்டில் வட்டத் தொட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"தண்ணி வழியறதப் பாத்தேன்மா. இது சாயத் தண்ணியாச்சேன்னு தோணிச்சி. வெள்ளை நூலைக் கட்டி ஒரு நாள் விட்டேன். இப்பவும் அப்பப்ப கட்டிப் பாப்பேன். நல்ல தண்ணியா இருந்தா நூலு வெள்ளையாவே இருக்கும். இரும்பு இருந்தா பழுப்பாவும். எங்க தொழில்ல அப்டித்தான் பாப்போம்."

"பழுப்பாச்சா?"

"கட்டுன மாதிரியே வெள்ளையா இருந்துச்சி."

வேண்டுதல் இல்லை, பரிசோதனை! என் ஆய்வகத்துக்கு வெளியே இன்னொரு ஆய்வகம் ஒரு நூல் முனையில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று காலையே எங்கள் தண்ணீரிலும், வண்டியில் ஒரு கேனில் இருந்த போர் தண்ணீரிலும் இரும்பைச் சோதித்தேன். கோதண்டபாணியின் போர் தண்ணீரில் எங்கள் தண்ணீரைப்போலப் பதினாறு மடங்கு. காரணம் யோசித்தால் எளிதுதான். ஊருக்குக் குழாயில் வரும் தண்ணீரில் இரும்பு குறைவு. இருக்கும் கொஞ்சமும் நாங்கள் ஊதும் காற்றில் துருவாகிச் சேற்றோடு படிந்துவிடுகிறது.

மதியம் பட்டறைக்குப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை. பார்க்க வேண்டும்போல் இருந்தது.

கோதண்டபாணியின் வீட்டுப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான இடம். அடுப்பில் செப்புக் கொப்பரை கொதித்தது. மூங்கில் கழிகளில் மாட்டிய நூல் வளையங்களை அவர் கொதிநீரில் அமிழ்த்தி, தூக்கி, திருப்பி, மறுபடி அமிழ்த்தினார். வெளியே கொடியில் இரண்டு வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார், எனக்குக் காட்டுவதற்காகவே.

"இது போர் தண்ணி. இது உங்க தண்ணி. ஒரே சாயம், ஒரே அளவு."

முதலாவது சிவப்புதான். இரண்டாவதைப் பார்த்த பிறகு முதலாவதைச் சிவப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது மாதுளை முத்தை வெயிலில் பிடித்ததுபோல் இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குளித்துவிட்டு விட்டிருந்தது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது முதல் தடவை.

அவருடைய மனைவி மணியம்மாள் முற்றத்துத் தொட்டியில் சாயம் போட்ட நூலை அலசிக்கொண்டிருந்தார். கணுக்கால் வரை தண்ணீர்; வழிந்த சிவப்பு சாக்கடையில் இறங்கியது, பதிவேட்டின் 'அரக்கு' இதுதான். கைகள் முழங்கை வரை உள்ளே. அலசியபடியே என்னைப் பார்த்து, "காபி குடிக்கிறியாம்மா?" என்றார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தார்.

"அக்கா, இந்தத் தொட்டில எந்தத் தண்ணி?"

"உங்க தண்ணிதான். போர் தண்ணில அலசுனா திரும்ப மங்கிடும்ல."

கொப்பரைத் தண்ணீர் ஒரு மணி நேரம் கொதிக்கிறது. அதில் எந்தக் கிருமியும் மிஞ்சாது. இந்தத் தொட்டி கொதிக்கவில்லை. தோட்டத்துக் குழாய், குளோரின் தொட்டிக்கு முன்னாலிருந்து பிரியும் குழாய். அதன் மேல் 'தோட்டத்துக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதியிருப்பது அதனால்தான்.

"உடம்பு எப்டி இருக்குதுக்கா?"

"ஏன் கேக்கற? ரெண்டு மாசமா வயிறுதான் சரியில்ல. ஒரு வாரம் நல்லா இருக்கும், ஒரு வாரம் போவும்."

"பஸ் ஸ்டாண்ட் பரோட்டா," என்றார் கோதண்டபாணி கொப்பரையிலிருந்து. "வேணாம்னா கேக்கறதில்ல."

"பரோட்டா துன்னு ஒரு வருசம் ஆவுதுய்யா."

நான் காபி குடிக்கவில்லை. அலசும் தொட்டியிலிருந்து ஒரு குப்பி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கிருமிச் சோதனைக்கு ஒவ்வொரு தண்ணீருக்கும் பதினைந்து கண்ணாடிக் குழாய், ஒவ்வொன்றுக்குள்ளும் கவிழ்த்த ஒரு குட்டிக் குழாய். குடல் கிருமி இருந்தால் அது பெருகி, குட்டிக் குழாயில் காற்றுக் குமிழ் சேரும். இரண்டு நாள் ஆகும். வியாழக்கிழமை காலை எடுத்துப் பார்த்தேன். மணியம்மாள் தொட்டியின் பதினைந்து குழாயிலும் குமிழ். கடைசித் தொட்டியில் குளோரின் போட்ட தண்ணீர்க் குழாய்களில் ஒன்றுமில்லை.

சிட்டிபாபு அண்ணன் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். குமிழ்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "இதெல்லாம் அக்கா கையிலயா?" என்று மட்டும் கேட்டார்.

"கடைசித் தொட்டித் தண்ணிய எடுத்தா?"

"போட்டுப் பாத்தாச்சிம்மா, ஆரம்பத்துலயே. குளோரின் சாயத்தை வெளுத்துடுது."

"குளோரின் வெயில்ல போயிடும்ணே. திறந்த தொட்டில ஒரு நாள் காய வெச்சா?"

அன்றே இரண்டு பிளாஸ்டிக் டப்பில் வைத்துப் பார்த்தோம். மறுநாள் மாலை குளோரின் கிட்டத்தட்ட இல்லை. சிட்டிபாபு அண்ணன் ஒரு வளையம் நூலை அதில் அரக்குப் போட்டு எடுத்து வந்தார். மாதுளை முத்துதான்.

அப்படியானால் தீர்ந்தது என்று ஓர் ஐந்து நிமிடம் நினைத்தேன். பிறகு அந்தப் படிவம் நினைவுக்கு வந்தது. குளோரின் தொட்டிக்குப் பிறகுதான் பெரிய மீட்டர் இருக்கிறது, லாரி நிரப்பும் குழாய் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டு எடுத்தாலும் பெயர், அளவு, பயன் மூன்றும் எழுத வேண்டும். நல்ல தண்ணீர் காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சனிக்கிழமை மூவரும் பட்டறை முற்றத்தில் உட்கார்ந்தோம். மணியம்மாளுடன் நால்வர்.

"பட்டு நூலுக்குச் சாக்கடைத் தண்ணின்னு ஒரு வாய் சொன்னா போதும்மா," என்றார் கோதண்டபாணி. "சாயங்காலத்துக்குள்ள காந்தி ரோட்டுப் பட்டுக்கடை பூரா சொல்லும். இது இன்னா, தொடைக்கிற துணியா? தாலி கட்டறப்ப உடுத்தறது. சாமிக்குச் சாத்தறது. அப்புறம் நான் நூலுக்குச் சாயம் போட வேணாம், என் மூஞ்சில போட்டுக்கினு ஒக்கார வேண்டியதுதான். இப்ப மிச்சம் இருக்கறது சீனிவாசன் மொதலாளி ஒருத்தரு. அவரு நூலும் போச்சின்னா கொப்பரைய வித்துடலாம்."

"எழுதாம இருந்தா?" என்றார் சிட்டிபாபு அண்ணன், என்னைப் பார்க்காமல்.

"எழுதாம இருந்தா பழைய குழாய்தாண்ணே. பழைய குழாய்னா அந்தக் குமிழு."

"போர் தண்ணிக்கே திரும்பிப் போயிடறேன்," என்றார் கோதண்டபாணி. சொல்லிவிட்டு, கொடியில் தொங்கிய இரண்டு வளையங்களையும் பார்த்தார். "அப்பவும் மொதலாளி போயிடுவாரு. மெதுவாப் போவாரு, அவ்ளோதான்."

எனக்கும் ஒரு வழி இருந்தது. 'தோட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். நானே 'தண்ணி ஆபீஸ்' என்று சொல்லிக்கொண்டு திரிபவள். மறைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாதா? அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் மணியம்மாள் பேசினார்.

"ஏய்யா, எனக்கு வயித்தால போனப்ப அரக்கு நல்லா வந்துச்சா?"

கோதண்டபாணி தன் சிவந்த கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நூலு கொப்பரையில வெந்து சுத்தமாவுது. என் கை வேவுலியே. எழுதிக் குடு."

"மொதலாளிகிட்ட மொதல்ல சொல்லிடறேன்," என்றார் அவர் கடைசியில். "அடுத்தவன் வாயால அவரு கேக்கக் கூடாது. நீயும் கூட வாம்மா. தண்ணியப் பத்தி ஏதாவது கேட்டா எனக்கு நூலுல கட்டித்தான் சொல்லத் தெரியும்."

சீனிவாசனின் கடை, உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட பழைய கடை. அவர் தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல் வியாபாரத்திலிருந்து பட்டுக்கு வந்தவர். கோதண்டபாணி கொடுத்த வளையத்தை வாங்கியதும் வாசலுக்கு எடுத்துப் போனார். குழல் விளக்கில் நிறம் பார்ப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெயிலில் பிடித்து, முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கினார். முகம் மலர்ந்தது.

"கோதண்டம், இத்தினி வருசத்துல இதான்யா அரக்கு."

கோதண்டபாணி சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. எந்தத் தண்ணீர், எத்தனை மாதமாக, இனி எந்தத் தண்ணீர், எங்கே பெயர் எழுதுவார்கள். நான் இரும்பையும் குமிழ்களையும் பற்றிச் சொன்னேன். சீனிவாசன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த வளையத்தை வெள்ளை விரிப்பில் வைக்காமல், பக்கத்திலிருந்த செய்தித்தாள்மீது வைத்தார்.

"நீ சொல்லல. நான் கேக்கல," என்றார்.

"மொதலாளி..."

"எழுதாத வரைக்கும் நூலு வரும். எந்தத் தண்ணியாவது ஊத்திக்கோ. பலகையில பேரு வந்துச்சின்னா நம்ம கணக்கு முடிஞ்சிது."

வெளியே வந்து குட்டியானையில் ஏறினோம். கோதண்டபாணி சாவியைத் திருப்பவில்லை. எதிரே ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் காகிதம் வெச்சிருக்கியாம்மா?"

"இருக்குது. ஆனா அவரு சொன்னாரே..."

"சொன்னாரு. கேக்கலன்னு சொல்றவரு, நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா என்னையே தெரியாதும்பாரு." ஸ்டீயரிங் மேல் படிவத்தை வைத்துக்கொண்டார். "அவளுக்கு வேற ஒரு வயிறா வாங்கித் தர முடியும்?"

பெயர் என்ற இடத்தில் எழுதினார். அளவு என்ற இடத்தில் இரண்டாயிரம் லிட்டர். பயன் என்ற இடத்தில் சற்று நிறுத்தி, 'பட்டு நூல் சாயம்' என்று பெரிய எழுத்தில் எழுதினார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

தோட்டத்துக் குழாயில் அவர் எடுத்த நாட்களையும் தனியாக ஒரு தாளில் எழுதி இணைத்தேன். அதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது, சிட்டிபாபு அண்ணனுக்கு ஒன்று. வாரியத்திலிருந்து ஜெயப்ரியா என்ற பொறியாளர் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். வெயிலில் காய வைத்த தண்ணீரின் எண்களை வாங்கிப் பார்த்து, "எத்தனை மணி நேரத்துல எவ்ளோ குறையுதுன்னு மணிக்கு மணி எடுத்துக் குடுங்க" என்றார். கேட்டுவிட்டுப் போகும்போது வட்டத் தொட்டி விளிம்பில் ஐந்து நிமிடம் நின்றார். குளோரின் போட்ட தண்ணீரை, வெயிலில் வைத்த பிறகு எடுப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வந்தது. சிட்டிபாபு அண்ணன் வாயில் பலகையில் சாக்பீஸால் எழுதினார்.

கோதண்டபாணி — பட்டு நூல் சாயம் — 2,000.

ஆனால் எண் அப்படியே நின்றது. அந்த வாரம் அவர் தண்ணீர் எடுக்க வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நூல் இல்லாமல் தண்ணீர் எதற்கு? மணியம்மாளின் வயிறு சரியாகிவிட்டதாகச் சிட்டிபாபு அண்ணன் சொன்னார். கொப்பரையை விளக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். அன்று நான் குப்பிகளைக் கழுவும்போது இரண்டை உடைத்தேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, வாட்ச்மேன் வந்து யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். வாயிலில் ஸ்கூட்டரில் சீனிவாசன். பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். மூக்கில் கைக்குட்டை.

"உள்ள விடுவீங்களா?"

"வாங்க சார்."

அவர் ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவார் போல இருந்தது. கம்பி வலைக்கு அழைத்துப் போனேன். கைக்குட்டையை இன்னும் இறுக்கினார். காற்று ஊதும் தொட்டியில் பழுப்பு நுரையைப் பார்த்து, "இது இன்னா, கொதிக்குதா?" என்றார். கொதிக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்து முறைத்தார். பிறகு ஆய்வகத்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். மணி வடிவத்தில் ஒரு நுண்ணுயிர், காம்பில் ஆடிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சியது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. "இதுக்கு யாரு சம்பளம் குடுக்கறது?" என்று கேட்டார்.

கடைசித் தொட்டிக்கு வந்தபோது கைக்குட்டை சட்டைப் பையில் இருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

அங்கே தொட்டியின் அடித்தளம் வரை தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இது எங்கருந்து வருது?"

"ஊர்லருந்துதான் சார். உங்க தெருவும் இந்த லைன்தான்."

"எங்க தெருவா?" நிமிர்ந்தார். "எங்க வூட்ல ஊத்துனா இங்க வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"குழாயில நாலு மணி நேரம். அப்புறம் எல்லாத் தொட்டியும் தாண்டி இந்த இடத்துக்கு வர ஒரு நாள்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப இது நேத்து காத்தால நான் குளிச்சது."

"உங்களுதும் இருக்குது சார்."

"நேத்து ரெண்டு தபா குளிச்சேன். வெய்யிலு." மறுபடி தண்ணீரைப் பார்த்தார். இந்த முறை நெடுநேரம். "ரெண்டு வாரமா வேற எடத்துல குடுத்தேன். பத்து நூலும் செங்கல்லு. திருப்பி அனுப்பிட்டேன்."

சிட்டிபாபு அண்ணன் தொலைவில் ஒரு வால்வைத் திருகுவதுபோல் நின்றிருந்தார். அந்த வால்வு எங்கேயும் இணைக்கப்படாதது.

"இத பாரும்மா," என்றார் சீனிவாசன். "அரக்கு வேணாம். அது முகூர்த்தத்துக்குப் போவுது. வாங்கறவங்க எங்கயாவது கேள்விப்பட்டா நான் பதில் சொல்லணும். பச்சை குடுக்கறேன். பச்சை நாலு புடவைக்கு. வெள்ளிக்கிழமை நூலு வரும்னு கோதண்டத்துகிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லலாமே சார்."

"நான் அவன் கூட பேசறதில்ல," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

அவர் வாயிலைத் தாண்டியதும் சிட்டிபாபு அண்ணன் ஓடிவந்தார். தன் போனில் கோதண்டபாணியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தார். நான் சொன்னேன்.

"பச்சையா?" என்றார் கோதண்டபாணி. "பச்சைக்குப் போய் நல்ல தண்ணியா? இரும்புத் தண்ணில போட்டாலே பச்சை அம்சமா வரும்மா! எங்க போர்லயே போட்டுட்டுப் போறேன். இதுக்கா நான் பேர எழுதிக் குடுத்தேன்?"

பின்னாலிருந்து மணியம்மாளின் குரல் கேட்டது. "குடுக்கறத வாங்குய்யா."

"இரு. இரு." மூச்சு வாங்கும் சத்தம். "சிட்டி, அங்க இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"போர்ல போட்டா எல்லாரும் போடற பச்சைதான்டா வரும். உங்க தண்ணில போடுவோம். அந்தப் பச்சைய வாசலுக்கு எடுத்துக்கினு போயி வெய்யில்ல புடிச்சிப் பாக்கட்டும் அந்த ஆளு. ஷாரோன் பாப்பா, நாளைக்கே தண்ணிய வெயில்ல வெச்சிடறீங்களா? ரெண்டாயிரம்னு எழுதியிருக்கேன்ல, ரெண்டாயிரமும் வேணும்."